பாயசத்துக்குக் கிடைத்த ஏசி அறை

ஞாயிற்றுக்கிழமை காலை சைதாப்பேட்டை மார்க்கெட்டில் சங்கரா மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது நம் டிரைவர் பாஷா போன் செய்தான். "அண்ணே, ஸ்டெல்லா மேடம் போய்ட்டாங்கண்ணே." பேரம் பேசும் மும்முரத்தில், "எங்க, வேளாங்கண்ணிக்கா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சினான். அப்புறம்தான் உறைத்தது. மீன்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மூஞ்சி இப்டி சுண்டிப்போச்சி? சரி, நீ கேட்ட வெலைக்கே எட்த்துக்கினு போ" என்றார். மேடம் மட்டும் அங்கே இருந்திருந்தால், "என் சாவுல கூட மீனு வெல கொறச்சிட்டியே ஏழுமல!" என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கச் சிரித்திருப்பார்.

நம் கம்பெனியில் வண்டி ஓட்டியவர்களுக்கு மேடத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி மலரில் வரும் இதை நம் வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஈக்காட்டுத்தாங்கல் சமையல்கூடத்திலிருந்து தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வேன்கள் நம்முடையவை. அந்த வேன்களுக்கும் டீசலுக்கும் எங்களுக்கும் சேர்த்துப் பொறுப்பாக வந்தவர் மேடம். சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்ற அம்மாவின் மகள். எம்.காம். படித்தவர். நான் பத்தாவதை இரண்டு முறை படித்தவன். அதுவும் கிட்டத்தட்ட எம்.காம். தான் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. இதை டைப் அடித்துத் தரும் என் மகள், "அப்பா, ஒரு பக்கத்துக்கு எத்தன 'மேடம்' போடுவ?" என்று இப்போதே சலித்துக்கொள்கிறாள்.

மேடம் வந்த நேரம் சரியில்லாத நேரம். டீசல் செலவு ஏறிக்கொண்டே போனது. நாங்கள் டீசலைப் பிடித்து விற்கிறோம் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். ஒரு நாள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "ஆடி முடியறதுக்குள்ள செலவு எறங்கணும். இல்லன்னா வண்டிங்கள காண்ட்ராக்டர்கிட்ட விட்டுடுவேன். அவன் ஆளுங்கள வச்சி அவன் ஓட்டிக்குவான்." என் மகள் அப்போது காலேஜில் முதல் வருஷம். அன்று வீட்டுக்குப் போய், "ஆபீஸ்ல எல்லாம் எப்படி?" என்று கேட்ட மனைவியிடம், "ஜம்முனு போவுது" என்று சொன்னேன். என் நடிப்பு எவ்வளவு மோசம் என்றால், அவள் உடனே அவள் தம்பிக்குப் போன் போட்டு எனக்கு வேறு வேலை விசாரிக்கச் சொல்லிவிட்டாள்.

புதிதாக வருகிறவர்கள் எங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மேடம் விசாரிக்கவில்லை. கத்திரி வெயிலில் ஒரு நாள் பேசாமல் என் வேனில் ஏறி, இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டார். தி.நகர் முடித்து, அடையாறில் கடைசிச் சாப்பாட்டையும் இறக்கினோம். காலி கேரியர்களைத் திரும்ப எடுக்கும்வரை எங்களுக்கு வேலை இல்லை. மற்ற நாளாக இருந்தால் காந்தி நகரில் ஒரு மரத்தடியில் வண்டியைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியில் தூங்கிவிடுவேன். விடிவதற்கு முன்பே எழுந்து ஓடிவருகிறவர்கள் நாங்கள். எல்லா டிரைவருக்கும் அதுதான் வழக்கம். மேடம் பக்கத்தில் இருந்ததால் அன்று கண்ணை அகலமாகத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா ஏழுமல, கண்ணு சொருகிக்கினு கீது?"

"இல்ல மேடம், தூசி."

"ஏசிய போட்டுக்கினு தூங்குய்யா. நான் முழிச்சிக்கினு கீறேன்."

தூங்கிவிட்டேன். யாரோ கண்ணாடியைத் தட்டும் சத்தத்தில் எழுந்தால், வெளியே டிராபிக் போலீஸ்காரர். உள்ளே மேடம் ஜன்னலில் தலையைச் சாய்த்து நல்ல தூக்கத்தில் இருந்தார். "வண்டி ஆன்ல கீது, ரெண்டு பேரும் ஆஃப்ல கீறீங்க!" என்று போலீஸ்காரர் திட்டிவிட்டுப் போனதும் மேடம் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "யோவ், டீசல எவனும் திருடலய்யா. நாம தூங்கியே குடிச்சிருக்கோம். ஐஸும் டீசலும் ஒண்ணு. நின்ன எடத்துலயே கரையும். எங்கம்மா மீன் கூடைய வச்சிக்கினு தெனம் இதத்தான் பொலம்பும்."

மறுநாளே உத்தரவு போட்டார்: வண்டி நின்றால் இன்ஜின் நிற்க வேண்டும். நாங்களும் கேட்டோம். வெயிலில் வேனுக்குள் இட்லி மாதிரி வெந்தோம். டீசல் குறைந்தது. தூக்கமும் குறைந்தது. அந்த வாரமே பாஷா திரும்பி வரும்போது கோட்டூர்புரம் பாலத்தில் கண் அசந்து, வேனை ஓரக்கட்டையில் உரசிவிட்டான். காலி கேரியர்கள் உருண்ட சத்தத்தில் அவனே எழுந்துகொண்டதால் யாருக்கும் அடியில்லை. மேடம் ஓடிவந்து முதலில் அவன் கை காலைப் பார்த்தார், அப்புறம்தான் வண்டியை. "தூக்கத்த கட் பண்ணா டீசல் மிஞ்சும். ஆளு மிஞ்ச மாட்டான். என் ரூல் தப்பு, வுட்டுடு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரு அதிகாரி அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் எங்களுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குத் திரும்பி வந்து தூங்கலாம் என்றால் போகவர டீசல் ஆகும். தூங்குகிற இடம் ஊருக்குள்ளேயே வேண்டும். மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு மயிலாப்பூரில் நம்மிடம் சாப்பாடு வாங்கும் ஆடிட்டர் மாமாவின் அலுவலகத்துக்குப் போனார்.

"சாப்பாடு எப்டி சார்?"

"சாப்பாடு பேஷ். வெள்ளிக்கிழமைன்னா ஒரு பாயசம் இருக்கப்படாதோன்னு நம்ம ஸ்டாஃப் சொல்லிண்டிருக்கா."

"பாயசம் வரும் சார். உங்க ஏசி மீட்டிங் ரூம் மத்தியானத்துல காலியா?"

"காலிதான். ஏன், யாருக்கு மீட்டிங்?"

"எங்க டிரைவருங்களுக்கு. மீட்டிங் இல்ல சார், தூக்கம்."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தூங்கட்டுமே. ஆத்துல எனக்கே அந்த பாக்கியம் இல்ல. ஆனா க்ளையன்ட் வர்றச்சே குறட்டை கேக்கப்படாது."

எல்லா வண்டியும் கடைசிச் சாப்பாட்டை மயிலாப்பூரில் இறக்குவது போல வழியை மாற்றினார் மேடம். பக்கத்துக் கல்யாண மண்டபத்து மரநிழலில் வண்டிகள் நிற்கும். மீட்டிங் மேஜையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும், பக்கத்தில் காவலுக்கு மேடம் இருப்பார். வந்ததும் வண்டிச் சாவியை அதில் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். முகூர்த்த நாளில் மண்டபத்தில் இடம் கிடைக்காமல் நாங்கள் வண்டிகளோடு தெருத்தெருவாக அலைந்த கதை தனி.

நம் முதலாளிக்கும் கணக்குப் பார்ப்பவர் அதே ஆடிட்டர் மாமாதான். அது எங்களுக்குத் தெரியும். காண்ட்ராக்டரின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு முதலாளி ஒரு மத்தியானம் திடீரென்று வந்து நிற்பார் என்பது தெரியாது. மீட்டிங் ரூம் கதவைத் திறந்தவர், தன் கம்பெனி டிரைவர்கள் அத்தனை பேரும் தரையிலும் நாற்காலியிலும் கிடப்பதைப் பார்த்தார். அவர் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்டேன். ஆனால் கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை. என் வாய் பிளந்திருந்ததாகப் பாஷா சொல்வது உண்மை. ஈ போய்வந்ததாகச் சொல்வது அவன் கைச்சரக்கு.

"இதுக்கா சம்பளம் குடுக்கறேன்?"

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க. ஆளுங்க எழுந்துக்கப் போறாங்க" என்றது மேடத்தின் குரல். சாவித் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. "எல்லா வண்டி சாவியும் இங்க கீது சார். சாவி தட்டுல இருக்கும்போது டீசல் எங்க போவும்?"

ஆடிட்டர் மாமா உள்ளே வந்தார். "நானே கேக்கணும்னு இருந்தேன். உங்க டீசல் பில் இப்போ நன்னா எறங்கியிருக்கே, என்ன பண்றேள்?"

முதலாளி தட்டிலிருந்த சாவிகளை எண்ணும் சத்தம் கேட்டது. கண்ணை மூடியபடி நான் மகளின் காலேஜை நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் கேட்டார்: "வெள்ளிக்கிழமை இங்க பாயசம் போவுதாமே, அது எந்தக் கணக்கு?"

"டீசல் கணக்கு சார்."

முதலாளி சிரித்த சத்தத்தில்தான் மற்றவர்கள் எழுந்தார்கள். ஒப்பந்தம் வந்த பைக்குள்ளேயே திரும்பிப் போனது. வேன்கள் இன்றும் நம்முடையவை.

ஓய்வு பெற்ற பின்னும் மேடம் எங்களை விடவில்லை. போன மாதம் சாந்தோமில் அவர் வீட்டுக்குப் போனபோது உடம்பு பாதியாகியிருந்தது. வாய் அப்படியே இருந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். "உன்ன மாதிரி இல்லாம வேலைல முழிச்சிக்கினு இருக்கச் சொல்லு" என்றார். அடக்கத்தன்று மாதாகோயில் வாசலில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக நின்று அவர் பேச்சுகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவருடைய மகன் வந்து, "அம்மாவுக்கு இதான் புடிக்கும், சிரிங்க" என்று காபி கொடுத்தார்.

வேறு ஆள் கிடைக்காததால் (இது என் மனைவியின் விளக்கம்) மேடத்தின் வேலையை இப்போது நான் பார்க்கிறேன். இந்த வாரம், புதுப் பையன் தினேஷின் வண்டி டீசலைக் குடித்துக்கொண்டே இருந்தது. அவனை வாய்க்கு வந்தபடி திட்டத் தயாராகத்தான் போனேன். ஏனோ திட்டாமல், ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கே நின்றாலும் அவன் இன்ஜினை நிறுத்தவே இல்லை. தி.நகர் முடிந்ததும் மெதுவாக விசாரித்தேன்.

"ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குதுண்ணே. அன்னிக்கு பாண்டி பஜார் நடுவுல நின்னுப்போயி ஊரே திட்டுச்சி. புதுசா வந்தவன் வண்டியக் கெடுத்துட்டான்னு சொல்வீங்கன்னு பயந்துட்டேன்."

பேட்டரியை மாற்றினோம். அவன் வேலையில் இருக்கிறான்.

மேடத்தின் மேஜை, நாற்காலி, பீரோ எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, யாரையும் திட்டுவதற்கு முன் அவன் வண்டியில் ஏறி ஒரு நடை கூடப் போய்வருகிற அந்த இடப்பக்க சீட்டுப் பழக்கம்தான்.