டிரை கிளீனிங்கில் போன கறை

1. போன்

காலையில் கடற்கரை ரிசார்ட் ஒன்றின் மேனேஜர் கூப்பிட்டார். பாறசாலைக்காரர். என் துணிப் படைப்பு ஒன்று அவர்களுடைய வரவேற்பறையில் ஒரு வருடமாகத் தொங்குகிறது.

"சேச்சி, அதில ஒரு வாடை உண்டுன்னு கெஸ்டுக சொன்னாவ. கறுப்புக் கறுப்பா அழுக்கும் கெடந்துது. டிரை கிளீனிங்குக்குக் குடுத்தோம். இப்பம் புதுசு போல இருக்கு ஆக்கும்."

தையல் மெஷினை நிறுத்தினேன். உதியன்குளங்கரையில் தையல் கடை வைத்திருந்தவள் நான். துணியை வெட்டித் தைத்து அரூபப் படைப்புகள் செய்யத் தொடங்கிப் பன்னிரண்டு வருடமாகிறது. இப்படியொரு போன் வந்ததில்லை.

2. கறை

என் வீட்டுக்காரர் செல்வதாஸ் ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டினார், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. ரப்பர் பால் துணியில் பட்டால் காய்ந்து கறுத்துவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது.

"ஒரு பழைய சட்டையப் போட்டுட்டுப் போனா என்னவாம்?" என்று தினமும் சத்தம் போடுவேன்.

"எல்லாம் பழசு ஆக்கும்" என்பார்.

ஒரு நாள் மரத்தடியிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

எட்டு மாதம் கழித்து அவருடைய வேலைச் சட்டைகளை வெட்டினேன். உருவம் எதுவும் வைக்கவில்லை. கறை உள்ள துண்டுகளை மட்டும் சேர்த்து, ஒவ்வொரு கறையின் ஓரத்திலும் வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டேன். எட்டடி உயரம் வந்தது.

அதை ரிசார்ட்டுக்குக் கொடுத்தபோது படிவத்தில் பராமரிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டேன். பொருள் என்ற இடத்தில் 'காட்டன்' என்று மட்டும் எழுதினேன். அரூபப் படைப்புக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்று அப்போது எனக்கொரு வீம்பு.

3. சுத்தம்

செல்வதாஸின் தங்கை லீலாவோடு போய்ப் பார்த்தேன். நீலமும் காக்கியுமாக வெறும் துணி. கிளீனிங் திரவத்தில் ரப்பர் கரைந்துபோயிருந்தது. என் நூல் மட்டும் ஒன்றுமில்லாத இடங்களைச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது.

லீலா துணியில் முகம் வைத்து மோந்தாள். "அண்ணனுக்க மணம் இல்லியே மைனி" என்றாள்.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "இது ஆருக்க துணின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே சேச்சி."

சரிதான். 

அதைத் திரும்ப வாங்கி வந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்சம் ரப்பர் பால் கேட்டு வாங்கி, படைப்பின் பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்து அதே இடங்களில் விட்டேன். கறுக்கத்தான் செய்தது. ஆனால் அது நான் தெளித்த பால். லீலாவுக்குக் காட்டவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் லேபிள் எழுதுங்கள்: என்ன துணி, யாருடையது, எதில் துவைக்கக் கூடாது. ஒரு படைப்புத்தானே போயிற்று என்று மற்றவர்கள் என்னைத் தேற்றுகிறார்கள். படைப்பு போனால் இன்னொன்று செய்யலாம். நான் வெட்டிய வேகத்தில் அவருடைய சட்டைகளில் ஒன்றைக்கூட முழுதாக விடவில்லை. கத்தரியை எடுப்பதற்கு முன் ஒன்றை மடித்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.