ஏசம்மாள் வைத்த நிபந்தனை

ராஜபாளையத்தில் நெல் குத்திப் பிழைத்த கைம்பெண் ஏசம்மாளுக்கு ஒரே மகன், பெயர் சத்தியநேசன். ஐந்து வயதில் வைசூரி கண்டு அவனுக்குப் பார்வை போயிற்று. கொப்புளங்களைச் சொறிந்துவிடாதபடி அவன் கைகளைப் பழந்துணியால் கட்டி, இரவும் பகலும் மடியில் வைத்துக் காத்தாள். முகத்தில் தழும்புகள் தங்கின, பிள்ளையும் தங்கினான்.

அன்று பிடித்த கையை அவள் பிறகு விடவே இல்லை. சோற்றைப் பிசைந்து கொடுப்பாள். கிணற்றடிக்கு அழைத்துப் போவாள். மீசை அரும்பித் தாடை கறுத்த பின்னும், நாவிதர் சமுத்திரத்தின் முன் அவனை உட்கார்த்திவிட்டு, "தழும்புல பட்டுராம, மெல்ல, மெல்ல" என்று அருகிலேயே நிற்பாள்.

"ஏசம்மா, கத்தி எங்கையில இருக்கா, ஒங்கையில இருக்கா?" என்பார் சமுத்திரம்.

திருவில்லிபுத்தூர் வேதக்கோயிலில் பாட்டு நடத்த ஆள் வேண்டுமென்று அவ்வூர்ப் போதகர் சத்தியநேசனை அழைத்தார். அங்கேயே தங்க வேண்டும். அவன் போகத் துடித்தான்; ஏசம்மாளுக்கு விட மனமில்லை.

"ஒம் மொகத்த நீயே வழிச்சுக்க முடியுமாலே? முடிஞ்சாப் போ" என்றாள். முடியாது என்ற நம்பிக்கையில்தான் சொன்னாள்.

அதுமுதல் அவன் எந்நேரமும் தட்டையாகச் சீவிய ஒரு மூங்கில் பத்தையைக் கன்னத்தில் இழுத்துக்கொண்டிருந்தான். அரிப்பு என்றெண்ணி அவள் வேப்பெண்ணெய் தடவிவிட்டாள்.

ஒரு நாள் காலை உலக்கையை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தவள் திடுக்கிட்டாள். மகன் தண்ணீர்க் கிண்ணத்தின் முன் அமர்ந்திருந்தான், கையில் சவரக்கத்தி. கத்தியைக் கொடுத்த சமுத்திரம் வேலியோரம் நின்றார்.

"ஏலே, கீழ வையி!"

"செத்த சும்மா இரு, ஏசம்மா" என்றார் அவர்.

இடக்கை விரல்கள் முன்னே சென்றன. கத்தி அவற்றைத் தொடர்ந்து வந்தது. தழும்பு வந்த இடத்தில் விரல் நின்றது. அவன் நாக்கால் உள்ளிருந்து கன்னத்தை உந்திப் பள்ளத்தை மேடாக்கினான். கத்தி அதன்மேல் வழுக்கிச் சென்றது. அடுத்த தழும்பு, மறுபடியும் நாக்கு, மறுபடியும் கத்தி. அந்த முகத்தைத் தன்னைவிட அறிந்தவர் யாருமில்லை என்று இத்தனை காலமும் நினைத்திருந்த ஏசம்மாள் அந்த விரல்களையே பார்த்தாள். தான் கட்டிவைத்த கைகளா இவை?

"யம்மா, ரத்தம் வருதா?"

"இல்லலே."

இடக் காதின் கீழே கொஞ்சம் மயிர் மிஞ்சியிருந்தது. சுட்டிக்காட்ட அவள் கை எழுந்தது, பாதியில் நின்றது. அதற்குள் அவன் விரலே அங்கு வந்துவிட்டது.

"இங்கன கொஞ்சம் தப்பிச்சிருச்சு" என்று சிரித்தபடி அதையும் வழித்தான்.

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான் ஒம் மவன்!" என்றார் சமுத்திரம்.

ஏசம்மாள் மகனின் முகத்தைத் துடைக்க முந்தானையை எடுத்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, கொடியில் கிடந்த துண்டை உருவி அவன் கையில் கொடுத்தாள்.

"வில்லிபுத்தூருக்கு வண்டி எப்பம்லே?" என்று கேட்டாள்.