கடலைத் தடுத்தவர்களும் என் வாசல் கானும்

வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர்கள் ஊர் வரலாற்றையே பாடம் எடுத்த கைடு நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் மடத்தனத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நெதர்லாந்தின் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து எட்டு விவசாயிகள் வருவதாக இருந்தது. சுற்றுலா வான் வண்டியின் முதலாளி முன்கூட்டியே எச்சரித்தார்.

"புடிச்சுப்போனா வருஷா வருஷம் வருவாங்க அண்ணே. புடிக்கலைனா நீங்க வேற வேல பாத்துக்குங்க. கொஞ்சம் கொறச்சுப் பேசுங்க."

குறைத்துப் பேசுவதற்காக ஒரு வாரம் இணையத்தில் உட்கார்ந்து அவர்கள் ஊரை மனப்பாடம் செய்தேன். நானுஓயா ஸ்டேஷனில் அவர்கள் வான் வண்டியில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டேன். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர். கடலைத் தடுப்பது ஒரு மண் அணை. அந்தக் காலத்தில் அணையில் ஒரு துண்டு ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு. ஒரு வீடு சோம்பினால் ஊரே மூழ்கும். முடியாதவன் தன் துண்டில் மண்வெட்டியைக் குத்திவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். அதைப் பிடுங்குகிறவனுக்கு அவன் வீடும் நிலமும், கூடவே அணை வேலையும்.

எட்டுப் பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். "என் தாத்தாகூட இவ்வளவு நேரம் சொன்னதில்லை" என்றார் யான் என்ற பெரியவர். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த உற்சாகத்தில் தேயிலைத் தோட்டத்தில் நான் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கே அழைத்துப்போனேன். மலைத்தண்ணீர் இறங்கும் வடிகாலான கான் எங்கள் வாசல்கள் வழியாகத்தான் ஓடுகிறது. அவரவர் வாசல் கானை அவரவர் வெட்டிவிட வேண்டும் என்பது லயத்து வழக்கம். "உங்களுக்கு அணை, எங்களுக்குக் கான்!" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

கொழுந்தெடுத்துவிட்டு வந்த அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"கானையா காட்டுறீங்க? உங்க வாசல்ல புல்லு மொளச்சு ஆடு மேயுதே, அதையும் சேத்துக் காட்டுங்க!"

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் யான்.

"உங்களை வரவேற்கிறார்."

அப்போது பிடித்த மழை எனக்குச் சாதகமாகப் பேசவில்லை. என் வாசலில் அடைபட்ட தண்ணீர் நேராகப் பாக்கியம் அக்காவின் குசினிக்குள் திரும்பியது. அவர் அரிசி வாளியைத் தூக்க ஓடினார். யான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கானில் இறங்கினார். மற்ற ஏழு பேரும் புல்லையும் சேற்றையும் கையால் அள்ளி வெளியே போட்டார்கள். நான் குடை பிடித்தேன்.

தண்ணீர் வடிந்ததும் யான் மண்வெட்டியை என் வாசல் கானில் குத்தி நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்த வருஷமும் வருவதாக முதலாளியிடம் சொன்னார்களாம், கான் எப்படி இருக்கிறது என்று பார்க்க. என் வேலை தப்பியது. வருகிறவர்களின் ஊரைப் படிக்குமுன் சொந்த வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

வான் போனபின் பாக்கியம் அக்கா வந்து மண்வெட்டியைப் பிடுங்கினார்.

"அக்கா, அவங்க பழைய சட்டப்படி இப்ப என் வீடு உங்களுக்குத்தான்" என்றேன்.

"வீட்ட நீங்களே வச்சுக்குங்க தம்பி. மம்பட்டிதான் என்னோடது. கான் வெட்டணும்னு போன தீவாளிக்கு வாங்கிட்டுப் போனீங்க."