திரையில்லாத கேமரா

லிங்கராஜபுரத்தில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் சொந்தக்காரர் டிரேவர் அங்கிள். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் அவருக்கென்று மிஞ்சியது ஞாயிறு பூசையும், அது முடிந்ததும் பழைய பிலிம் கேமராவை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவதும்தான். ஜன்னல், கொடியில் காயும் துணி, வாசலில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள் என்று எடுப்பார். கேட்காமல் ஆட்களை எடுக்கமாட்டார். ரோல் முடிந்தால்தான் கழுவக் கொடுப்பார்.

போன மாதம் நானும் கூடப் போனேன். நீலசந்திராவில் ஒரு சந்து. தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்திருந்தார்கள். அங்கிள் குனிந்து பட்டனை அழுத்திய நொடியில் ஒரு சிறுமி குறுக்கே ஓடினாள்.

வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவள் அம்மா எழுந்து வந்தாள். என் பிள்ளையை எதற்கு எடுத்தாய், காட்டு என்றாள். பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக அந்த வாரம் எல்லோர் போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கிள் கேமராவைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார்.

"இதுல இப்போ தெரியாதும்மா. கழுவினாதான் தெரியும்."

உண்மையைத்தான் சொன்னார். அதற்குள் ஏழெட்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவன் பைக்கைக் குறுக்கே நிறுத்திச் சந்து வழியை அடைத்தான். எந்த ஏரியா, யார் அனுப்பினார்கள் என்று கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கேட்டார்கள்.

"படம் தெரியாத கேமராவா? ஏன் பெருசு, நாங்க என்ன காட்டுல இருந்தா வந்தோம்?"

செங்கம் பக்கத்து ஊரில் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி கார்டு கழுத்தில் தொங்கும். அதைத் தூக்கிப் பிடித்து, இன்ஜினியர் என்றேன்.

"இந்த மாதிரி கார்டு எங்க தெரு ஜெராக்ஸ் கடையிலயே அடிப்பான்," என்று ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான்.

அங்கிள் என்னைப் பார்த்தார். பிறகு கேமராவின் பின்மூடியைத் திறந்து பிலிமைச் சரசரவென்று உருவி அவர்களிடம் நீட்டினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

"டேய், எல்லாத்தையும் அழிச்சிட்டான்டா."

நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதில் அங்கிள் விழுந்தார். மூக்குக்கண்ணாடி தெறித்தது. அவர் மண்டியிட்டுத் தரையைத் தடவினார். யாரோ ஒருவன் கல்லை எடுத்தான். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி வீடியோக்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாதான் குனிந்து, மீன் செதில் ஒட்டிய கையால் கண்ணாடியை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"வயசான ஆளு, விடுங்க. இன்னொரு தடவ இந்தப் பக்கம் தல காட்டக்கூடாது."

பைக்கை நகர்த்தினார்கள். அதற்கு முன் ஒருவன் எங்கள் இருவர் தாடையையும் நிமிர்த்தி, போனில் படம் எடுத்துக்கொண்டான். குரூப்பில் போடு என்றான் இன்னொருவன்.

ஆட்டோ பிடித்தோம். எங்கள் தெருமுனையில் இறங்கினோம். பேக்கரி வாசலில் நான்கைந்து பேர் ஒரே போனில் குனிந்திருந்தார்கள். அங்கிள் தினமும் ரொட்டி வாங்கும் கடை அது. ஒருவன் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தான்.

"மேன், என்கூட வராத, நீ முன்னாடி போ," என்றார் அங்கிள் மெதுவாக.

அந்தப் படத்தில் நானும் இருந்தேன். நின்றிருந்த லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரும் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.