சேட்டைக்கு ஒரு ஸ்கேன்

குழந்தைகளுக்கு மூளை ஸ்கேன் எடுக்கும் வேலையில் பாதி நேரம் மெஷினோடு போகும், மீதி கெஞ்சுவதில் போகும். துள்ளுகிற பிள்ளைக்கு நகம் வெட்டிவிட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அடையாறில் இருக்கும் எங்கள் சென்டருக்கு, "அடங்கவே மாட்டேங்கிறான்", "சொன்னா கேக்கறதே இல்ல" என்று டாக்டர் சீட்டோடு வருகிற பிள்ளைகள் நிறைய.

யார் வீட்டுக் கோபம்

மயிலாப்பூரிலிருந்து ஒரு தம்பதி, ஏழு வயதுப் பையனோடு வந்தார்கள். வகுப்பில் பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டானாம். அவன் உள்ளே இருந்த நேரமெல்லாம் வெளியே இருவருக்கும் வாக்குவாதம். "எங்காத்துல யாருக்கும் இந்தக் கோபம் கிடையாது" என்றார் கணவர். "உங்க அண்ணா தட்டை வீசினதை நான் பார்த்திருக்கேன்" என்றார் மனைவி.

மூளையில் ஒரு கோளாறும் இல்லை, பேசிப் பழக்கியே சரிசெய்யலாம் என்றார் டாக்டர். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையனை இழுத்து மடியில் உட்காரவைத்தார். பிறகு கணவரைப் பார்த்துக் கேட்டார்: "மூளை மேலயும் பழி போட முடியாது. இனிமே யாரைச் சொல்லிண்டு சண்டை போடறது?"

நைனாவின் தூக்கம்

ஆட்டோ ஓட்டும் ஒருவர் தன் மகளோடு வந்தார். ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே குடிவைத்ததிலிருந்து அவள் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, கையில் கிடைத்ததை உடைக்கிறாள் என்றார். மெஷினைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "இன்னா பயம்? நான் மொதல்ல படுத்துக் காட்டறேன், பாரு" என்று சாவி, பெல்ட் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு அவரே ஏறிப் படுத்தார். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

பிறகு அவள் தானாகவே ஏறிப் படுத்ததற்கு அந்தக் குறட்டைதான் காரணம். ஆனால் அதற்கு முன், நான் அவரை எழுப்பப் போனபோது, அதுவரை வாயே திறக்காதவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "வுடுக்கா. நைனா வூட்ல தூங்கறதே இல்ல. கொஞ்ச நேரம் தூங்கிக்கினு இருக்கட்டும்."

காகிதக் காற்றாடி

ராயப்பேட்டையில் தையல்கடை வைத்திருப்பவர் ஒருவரின் மகள். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். திமிர் என்று பள்ளியில் வெளியே நிற்கவைத்தார்கள், வீட்டிலும் அடி. தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இந்தச் சோதனைக்கு வேகவேகமாக மூச்சுவிட வேண்டும் என்பதால், அவள் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னேன். ஊதிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. திரையில் கோடுகள் உயர உயரமாக எழும்பின. சில நொடிகளில், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஊதினாள்.

இது ஒரு வகை வலிப்பு, அந்த நேரத்தில் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது, மாத்திரையில் கட்டுப்படுத்தலாம் என்றார் டாக்டர். அப்பா மகளின் தலைமுடியில் ஒட்டியிருந்த பசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அப்போ நான் வேணும்னு பண்ணலையா அத்தா?"

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது, பிள்ளைகளை எப்படியாவது தாஜா பண்ணி அசையாமல் படுக்கவைத்துவிடலாம், வெளியே பெஞ்சில் இருக்கும் பெற்றோரைத்தான் ஒரு நிமிஷம் அசையாமல் உட்காரவைக்க முடியாது.