கொல்லையில் முளைத்த எருக்கு

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்ட புதிதில் நாங்கள் அங்கே குடிபோனோம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, மூன்றே பேர். நாத்தனார் இளம் வயதிலேயே புருஷனை இழந்தவர். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. நான் யாரோடும் அதிகம் பேசுகிறவளும் இல்லை.

மூன்றாம் மாதம் கிணற்றடியில் ஒரு செடி தானாக முளைத்தது. தடித்த இலை, சாம்பல் பூசினாற்போல் வெளுப்பு. ஒன்றைக் கிள்ளினேன். பால் சொட்டியது. எருக்கேதான்.

பக்கத்து வீட்டு அம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "எருக்கு மொளச்ச வூடு வெளங்குமா? ஏற்கெனவே தொட்டில் கட்டாத வூடு வேற" என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

நாத்தனார் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"வெள்ளெருக்கா இருந்தா?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வெள்ளெருக்கு பிள்ளையாருக்கு உகந்தது, வீட்டுக்கு நல்லது என்பார்கள். ஊதா எருக்குத்தான் பாழடைந்த இடத்துச் செடி. வெள்ளையாக இருந்துவிட்டால், இந்த வீட்டுக்குக் கெட்டது எதுவும் என்னால் வரவில்லை என்று ஆகிவிடும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

"அடேயப்பா, உனக்கு வாய்கூட கீதே!" என்றார் நாத்தனார். "சரி, பூக்கட்டும். ஊதாவா பூத்துச்சுன்னா நானே புடுங்கிப் போட்டுடுவேன்."

தினமும் பல் விளக்கும்போது அதைப் பார்ப்பேன். சித்திரை வெயிலிலும் அதன் அடிமண் ஈரமாக இருந்தது. ஒருநாள் நாத்தனார் அரிசி கழுவின தண்ணீரை அங்கே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எருக்குக்கு எதுக்குக்கா தண்ணி?"

"கொட்டறதுக்கு வேற எடம் எங்க கீது? போய் உலையப் பாரு."

ஆடி மாதம் மொட்டு வைத்தது. பச்சை கலந்த வெளுப்பாகத்தான் இருந்தது. நான்காம் நாள், மொட்டின் நுனியில் மசி தொட்டாற்போல் ஒரு கோடு தெரிந்தது. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஐந்து இதழும் விரிந்திருந்தன. நடுவில் இருந்த சின்ன கிரீடம் முழுக்க ஊதா.

பின்னாலேயே நாத்தனார் வந்து நின்றார். மறைக்க எனக்குத் தெரியவில்லை.

"ஊதாதான் அக்கா. கடப்பாரை எடுத்தாறேன்" என்றேன். அதற்குள் கண் கலங்கிவிட்டது.

அவர் குனிந்து பூவைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் பூவைப் பார்த்தார்.

"எங்கடி ஊதா? வெள்ளையாத்தான கீது."

"இல்லக்கா, நடுவுல..."

"எனக்குத் தெரியல. காலங்காத்தால அழுதுக்கினு நிக்காத. போய் மூஞ்சியக் கழுவு."

வீட்டுக்காரர் வேப்பங்குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, இது..." என்று ஆரம்பித்தார்.

"உனக்கும் கண்ணு தெரியலையா நைனா?" என்றார் நாத்தனார். வீட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார்.

பிள்ளையார் சதுர்த்தியன்று நானும் நாத்தனாரும் அந்தப் பூக்களையே மாலையாகக் கோத்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் சுண்டல் வாங்க வந்தவள் மாலையை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி இது, ஊதா எருக்கால்ல கீது?"

நாத்தனார் அவள் கையில் சுண்டலை வைத்தார்.

"எங்க வூட்டுல இது வெள்ளை" என்றார்.