பீரோவுக்குப் போன ஹெட்போன்

எங்கள் மருத்துவமனையின் வளரிளம் பருவத்தினர் பிரிவுக்கு ஒரு டேப்லெட் வந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் பிள்ளை தனியாக உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டால், பாலியல் தொற்று பற்றிய கேள்விகளை அது தமிழில் கேட்கும். பதிலை விரலால் தொட்டால் போதும், வாய் திறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லும். நான் அங்கே ஆலோசகர். எங்கள் வாயைவிட அது மேல் என்று முதல் நாளே புரிந்தது.

பொறுப்பு நர்சம்மாவுக்கு வேறு மாதிரி புரிந்தது. ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பொட்டு காய்ந்து திரையில் ஒட்டிக்கொண்டது, துடைத்தால் ஆகாதாம். ஹெட்போன் பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தார். டேப்லெட்டைப் பதிவு மேசையில் தன் முன்னால் நிறுத்தி, அம்மாவையும் மகளையும் எதிரே நிற்க வைத்து, "தப்புத்தண்டா ஒண்ணுமில்லேல்ல?" என்பார். பிள்ளை தலையாட்டும். அவர் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'யைத் தொட்டுவிடுவார்.

இந்த 'இல்லை'களை டாக்டர் மாதக் கூட்டத்தில் வாசித்து, "நம்ம ஊருப் பிள்ளைக தங்கம்" என்றார். கைதட்டினார்கள். வடை வந்தது. கேட்காமலே கிடைத்த பதிலுக்குக் கைதட்ட, படித்தவர்களால்தான் முடியும்.

வடமதுரைப் பக்கம் மில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, அடிவயிற்று வலியோடு மூன்றாம் தடவையாக வந்தாள். அம்மாவும் கூட. முந்தைய இரண்டு தடவையும் 'இல்லை'தான். சூட்டு வலி என்று அனுப்பியிருந்தார்கள். தொற்றாக இருந்து அப்படியே விட்டால் கருக்குழாய் கெடும், பின்னால் பிள்ளைப்பேறுக்கே மோசம். நர்சம்மாவும் படித்த பாடம்தான் இது.

"கல்யாணம் ஆகாத பிள்ளைட்ட என்னத்தக் கேக்க? மோர் குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பீரோவைத் திறந்தேன். பொட்டைத் துடைத்தேன். பெண்ணைத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார வைத்தேன்.

"காதுல என்னத்த மாட்டி விட்டீக?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

"செத்த நேரம் இருங்கக்கா. அது கேள்வி கேக்கும்."

"எங்கிட்டக் கேட்டா நானே சொல்லிருவேனே! அவளப் பத்தி அம்புட்டும் எனக்குத் தெரியும்."

"வலி அவளுக்குத்தானக்கா."

அம்மா உட்கார்ந்துவிட்டார். டேப்லெட் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னது, அனுப்பினேன். தொற்று உறுதியானது, மாத்திரையில் குணமாகக்கூடியது. முடிவை அவளிடம் மட்டும் சொன்னேன். டாக்டரும் மருந்து எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது.

நர்சம்மா அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. "மாசக் கணக்கையே கெடுத்துப்புட்டீகளே!" என்றார். டாக்டர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: ஒரே ஹெட்போனைப் பலர் மாட்டினால் காதில் தொற்று பரவுமாம். அது பீரோவுக்குத் திரும்பியது; சாவி நர்சம்மாவின் இடுப்புக்குப் போனது. காதுகளையாவது காப்பாற்றிவிட்டார்கள்.

மாத்திரை முடிந்து அந்தப் பெண் வந்தாள். இந்தத் தடவை அம்மா இல்லை, விடுதித் தோழி ஒருத்தி கூட நின்றாள்.

"வலி விட்டுப் போச்சுக்கா" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "இவளுக்கும் அந்தக் காது மிசினப் போட்டு விடுறீகளா?"

பேருந்தில் பாட்டுக் கேட்க நான் வைத்திருக்கும் ஹெட்போனைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து இரண்டு பக்கமும் துடைத்தேன். நர்சம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் மேசையிலிருந்து டேப்லெட்டை எடுத்துக்கொண்டு திரைச்சீலையை விலக்கினேன்.